அடைப்பு அறையின் பலகைகள்

ஆலங்காயம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதிலிருந்து சசிகலா ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடியே வந்தாள். நாலாவது மாசம். இரண்டு கரு நழுவிப்போன பிறகு தங்கியிருக்கும் மூன்றாவது. வளைவுக்கு வளைவு, காரை ஓட்டிய கணவன் ராஜ்குமார் அவளை முறைத்தான்.

"இந்த நெலமையில உனக்கு மலை தேவையா சசி?"

"நான் வரைஞ்ச வூடு. நான் பாக்காம யார் பாக்கறது?"

ராஜ்குமார் அவளை மரவீட்டு வாசலில் இறக்கிவிட்டு, ஜமுனாமரத்தூரில் இளநீர் வாங்கி வருவதாகச் சொல்லிக் காரைத் திருப்பினான்.

அழகான வீடுதான், அதில் சந்தேகமில்லை. மலைக்கு வரும் விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட, கருங்கல் கால்களின் மேல் ஒரே ஒரு அறை. தலைக்கு மேல் நாட்டு ஓடு, மழைநீருக்கு ஒரு தொட்டி, ஜன்னலுக்கு வெளியே சாமை வயலும் பள்ளத்தாக்கும். சிமென்ட் ஒரு சட்டிகூடக் கிடையாது. ஒரு மரத்தையும் வெட்டக் கூடாது, எல்லாமே பழைய மரம் என்பது அவள் வைத்த சட்டம். கலசப்பாக்கத்தில் இடிக்கப்போகும் தன் பூர்வீக வீட்டு மரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று இந்த நிலத்தின் சொந்தக்காரர் ஜீவானந்தம் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அளவெடுக்கப் போன நாளை மட்டும் அவள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. உள்ளறைக் கட்டிலில் ஜீவானந்தத்தின் தாயார் அம்மாக்கண்ணு படுத்த படுக்கையாகக் கிடந்தார். முதுகெல்லாம் புண். வேப்பெண்ணெயும் சீழும் மூத்திரமும் கலந்த நாற்றம் கூடம்வரை வந்து மூக்கைத் துளைத்தது. தண்ணீர் வேண்டுமென்றால் விரலில் கிடந்த வெள்ளி மோதிரத்தால் கட்டில் பலகையைத் தட்டுவார். டொக் டொக். கொஞ்சம் நிறுத்தி, டொக்.

"கிட்ட வாம்மா" என்றார் அன்றைக்கு.

சசிகலா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். கொல்லைப்புறம் ஓடி வாந்தி எடுத்தாள்.

சில வாரங்களில் அம்மாக்கண்ணு இறந்துபோனார். நட்சத்திரம் சரியில்லை, அறைக்கு ஆறு மாசம் அடைப்பு என்றார்கள். கதவைப் பூட்டி வெளியே விளக்கு ஏற்றுவார்கள். கெடு முடியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. கட்டிலும் சேர்த்து அந்த அறையின் வேங்கைப் பலகைகளுக்கு ஈடாக வேறு மரமே அந்த வீட்டில் இல்லை. மழைக்கு முன் வேலை முடிந்தாக வேண்டும்.

"மரத்துக்கு நட்சத்திரமெல்லாம் தெரியாதுங்க" என்று சசிகலா சிரித்துக்கொண்டே சொன்னாள். ஜீவானந்தம் தயங்கித் தயங்கிச் சாவியைக் கொடுத்தார். அவர் மனைவி அம்சவல்லிதான் வாசலை மறித்து நின்றாள்.

"ஆறு மாசம் இருட்டு கேட்டுப் படுத்திருக்காங்க. பாதியில எழுப்புனா வேற இருட்டு தேடிப் போவாங்கம்மா."

அந்தப் பேச்சையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பலகைகளை இழைத்து, ஆளிவிதை எண்ணெய் பூசி, ஜன்னலோரம் படுப்பதற்கு ஒரு மேடை செய்யச் சொன்னாள். வானத்தைப் பார்த்தபடி தூங்கலாம்.

இப்போது கதவைத் தள்ளி உள்ளே வந்ததும், அதே நாற்றம்.

"இன்னா நாத்தம் இது, சின்னதம்பி?"

தச்சுவேலை செய்யும் சின்னதம்பி காற்றை முகர்ந்து பார்த்தான். "ஒண்ணும் இல்லியே மேடம். எண்ணெ வாசனைதான்." பிறகு அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்தான். "மசக்கைங்க. எங்கூட்டுக்காரிக்கு நான் பல் தேச்சாலே கொமட்டும்."

அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் மேடையின் பலகை இடுக்கில் மஞ்சளாக ஏதோ கசிந்திருந்தது. பழைய மரத்தில் பிசின் வருமா? கைக்குட்டையால் தொட்டாள். கொழகொழவென்று நூலாக நீண்டது. அந்த நூலோடு ஒரு நரைமுடியும் வந்தது.

கைக்குட்டையை ஜன்னல் வழியாக வீசிவிட்டு, விரல்களைச் சுடிதாரில் தேய் தேய் என்று தேய்த்தாள். பிசுபிசுப்பு போகவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. வெளியே கிடந்த மரத்தின் மேல் தார்ப்பாயை இழுத்துவிடச் சின்னதம்பி ஓடினான். காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. பட்டப்பகலிலேயே அறை இருண்டுபோனது.

டொக் டொக்.

ஓட்டில் மழை விழும் சத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

டொக்.

மேடைக்கு அடியிலிருந்து வந்தது.

கதவை இழுத்தாள். ஈரத்தில் ஊறிய கதவு அசையவில்லை. திரும்பிப் பார்த்தபோது பலகையில் ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. முதலில் இரண்டு தோள்பட்டை. பிறகு இடுப்பு. பிறகு இரண்டு குதிகால். ஒரு உடம்பு எங்கெல்லாம் அழுந்திப் புண்ணாகுமோ அங்கெல்லாம்.

நாற்றம் நாக்கில் ஒட்டியது. விழுங்கினால் தொண்டைக்குள் இறங்கியது. வாயைப் பொத்திக் குனிந்தவளுக்குக் கால் வழுக்கியது. வயிற்றைக் காப்பாற்ற இரண்டு கைகளையும் பலகையில் ஊன்றினாள்.

பலகை மெத்தென்று உள்ளே போனது. அழுகிய பலாப்பழம் போல. வெதுவெதுப்பாக இருந்தது.

"கிட்ட வாம்மா."

மூக்கைப் பொத்த அவளுக்குக் கை இல்லை. அந்த மூச்சை முழுதாக இழுத்துவிட்டாள்.

கதவு திறந்தது. சின்னதம்பி நனைந்துபோய் நின்றான். "மேடம், விழுந்துட்டீங்களா?"

பலகை காய்ந்து பளபளவென்று இருந்தது. கையில் பிசுக்கு இல்லை. மழையும் மண்ணும் எண்ணெயும் மட்டும் மணத்தன. நாற்றம் இருந்த இடமே தெரியவில்லை.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மறுநாள் திருப்பத்தூரில் டாக்டர் சொன்னபோது சசிகலா அழுதேவிட்டாள். அன்றோடு மசக்கையும் நின்றது. கருவாட்டுக் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். மரவீட்டுக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். "தூக்கம்னா அப்படி ஒரு தூக்கம்னு சொல்றாங்க மேடம்" என்று ஜீவானந்தம் போனில் பூரித்துப்போனார். அன்றைக்குப் பார்த்ததெல்லாம் மயக்கம்தான் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ராஜ்குமார்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கள் வீட்டில் பீரோவை நகர்த்திக்கொண்டிருந்தான்.

"இன்னா தேடுறீங்க?"

"எலி எதுனா செத்துக் கெடக்குதான்னு பாக்கறேன். ஒரு வாரமா நாறுது. உனக்கு வரல?"

அவளுக்கு எதுவும் வரவில்லை. வெளிச்சம்தான் கண்ணைக் குத்தியது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருந்தாள். கொஞ்ச நாளாக அவளுக்கு இருட்டுதான் சுகமாக இருந்தது.

அவன் கட்டிலுக்கு அடியில் முகர்ந்தான். தலையணையை முகர்ந்தான். முகர்ந்துகொண்டே அவள் பக்கம் வந்து குனிந்தவன், அவள் வயிற்றுக்கு மேல் அப்படியே நின்றான்.

பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டான்.

அந்த முகத்தை சசிகலாவுக்குத் தெரியும். கலசப்பாக்கத்தில் ஒரு கட்டிலைப் பார்த்து அவளே காட்டிய முகம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு முறை இழந்து கிடைத்தது இது. அவன் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக்கொண்டால் போதும் என்று தோன்றியது. கையை நீட்டினாள்.

"கிட்ட வாங்க" என்றாள்.

ராஜ்குமார் ஒரு அடி பின்னால் போனான்.

அந்த மாசத்தில்தான் குழந்தையின் முதல் அசைவு தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெரிந்தது. இருவருக்கும் காதில் கேட்கும்படியாகவே தெரிந்தது.

டொக் டொக்.

கொஞ்சம் நிறுத்தி, டொக்.