கேட்டுச்சு

வாசலில் நின்று கைகுலுக்கி, வழியில் பனி எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்த பள்ளிப் பொறுப்பாளர் டார்வெல், பேச்சின் நடுவே "கேட்டுச்சு" என்றார். நெல்டாவைப் பார்த்துச் சொல்லவில்லை. தும்மலை அடக்குகிறவர் மாதிரி வாய்க்குள் சொல்லிவிட்டு, சூடாகச் சாக்லேட் பால் குடிக்கிறீர்களா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நெல்டாவுக்கு அந்தச் சொல் புதிதல்ல. யூட்டா மாநில உரிமத் துறையில் அவள் ஆய்வாளர். அடங்காத பிள்ளைகளைத் திருத்தித் தருகிறோம் என்று மலையடிவாரங்களில் பலகை மாட்டியிருக்கும் விடுதிப்பள்ளிகளுக்கு உரிமம் கொடுப்பதும் பிடுங்குவதும் அவள் வேலை. அங்கெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை கழிப்பறைக்குள் போனால் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே நிற்கும் காவலாள் ஒவ்வொரு முறையும் 'கேட்டுச்சு' என்று பதில் கொடுக்க வேண்டும். குரல் நின்றால் பிள்ளை ஜன்னல் வழியாக ஓடிவிட்டது என்று அர்த்தம். கேவலமான வழக்கம்தான், ஆனால் அதைத் தடுக்கச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. அதனால் தாழ்வாரக் கோடியிலிருந்து "ஜூனி" என்று ஒரு பெண்குரல் மெலிசாக வந்தபோது அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் மனமெல்லாம் வேறு காரியத்தில் இருந்தது. போன குளிர்காலத்தில் இந்த ஹாலோ பெஞ்ச் பள்ளியில் ஜூன் எலிசபெத் என்றொரு பெண் செத்துப்போனாள். இதயக் கோளாறு என்றார்கள். நெல்டாவுக்கு முன்பிருந்த ஆய்வாளர் பூசி மெழுகிவிட்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? இன்றைக்கு இந்தப் பள்ளிக்குப் பூட்டுப் போடாமல் திரும்புவதில்லை என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள்.

பனிக்காலணிகளைக் கழற்றி டார்வெலிடம் கொடுத்தாள். இங்கே யாரும் சொந்தக் காலணியோடு நடமாட முடியாது; ஓடக் கூடாது என்பதற்காகப் பிள்ளைகளின் காலணிகளையெல்லாம் வாங்கிப் பூட்டிவிட்டு, ஆரஞ்சு நிறத்தில் ரப்பர் செருப்பு கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் அதையும் சத்தம் எழாமல் மெல்ல மெல்ல எடுத்து வைத்து நடந்தார்கள். சமையலறையில் பாலாடைக்கட்டியோடு உருளைக்கிழங்கு வேகும் வாசனை, அடுப்பின் ஓரம் கருகிய வெங்காயம், சுவருக்குள் டக் டக்கென்று வெந்நீர்க் குழாய் விரியும் சத்தம், ஜன்னலுக்கு வெளியே மாலை நாலரைக்கே நீலம் பாய்ந்து இருட்டத் தொடங்கிய பனி வயல், எல்லாவற்றுக்கும் அடியில் விட்டு விட்டு அந்தக் குரல். ஜூனி. சமையல்காரி கரண்டியை நிறுத்தாமல் கேட்டுச்சு என்றாள். தட்டு கழுவிய பெண் உதட்டை மட்டும் அசைத்தாள்.

சாமான் அறை, படுக்கை அறை, மருந்து அலமாரி என்று பார்த்து முடித்து வந்த பிறகும் குரல் ஓயவில்லை. இவ்வளவு நேரமாகவா ஒரு பெண் கழிப்பறையில் இருப்பாள்? வயிற்றுப்போக்கா என்று சமையல்காரியைக் கேட்டாள். அவள் டார்வெலைப் பார்த்தாள். டார்வெல் தரையைப் பார்த்தார்.

நெல்டா நேராகப் போய்க் கழிப்பறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே யாருமில்லை. விளக்கு எரியவில்லை. சோப்பு காய்ந்து வெடித்திருந்தது, தொட்டியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இருட்டில் நின்றுகொண்டிருந்தபோது குரல் மறுபடி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வயலிலிருந்து.

ஒலிபெருக்கி, என்று அவளுக்கு உடனே பட்டது. வெளியே எங்கோ ஒலிபெருக்கி வைத்துப் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். இதுவரை எத்தனையோ அயோக்கியத்தனம் பார்த்தவள்தான், ஆனாலும் ரத்தம் கொதித்தது. கட்டடத்தில் இருக்கும் எல்லாரும் எதிர்ப்புறச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட வேண்டும், ஒரு பிள்ளை மட்டும் தன்னோடு பேச இருக்கட்டும் என்று உத்தரவு போட்டாள்.

டார்வெல் தயங்கினார். "பெரியவங்க ஒருத்தராவது இங்க இருந்தா நல்லது மேடம்."

"பிள்ளைங்க தனியாத்தான் பேசணும். சட்டம்."

"மூடணும்னா மூடிட்டுப் போங்க. நான் சண்டைக்கு வரல. ஆனா அப்புறமும் இங்க யாராச்சும் உக்காந்திருக்கணுமே" என்றார். பிழைப்பு போகப்போகிறவனின் புலம்பல் என்று நெல்டா நினைத்தாள். போகும்போது அவர் அந்தப் பெண்ணிடம் குனிந்து, "நீ பாத்துக்க, கண்ணு" என்றது மிரட்டலாகவே பட்டது.

அந்தப் பெண்ணின் பெயர் எம்ரி. பதினைந்து வயது. பெற்றவர்களே ஆள் வைத்து விடியற்காலையில் படுக்கையிலிருந்து தூக்கி அனுப்பிவிட்ட பிள்ளை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்றாள். ஒவ்வொரு பதிலுக்கும் நடுவே, வெளியே குரல் வரும்போதெல்லாம், மூச்சுவிடுகிற மாதிரி கேட்டுச்சு என்றாள்.

"யாருக்கும்மா பதில் சொல்றே?"

"ஜூனிக்கு."

"ஜூனின்னா?"

"ஜூன் எலிசபெத். நாங்க ஜூனின்னுதான் கூப்பிடுவோம்."

அப்புறம் எம்ரி மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள். எதிர்த்துப் பேசினாள் என்று ஒரு ராத்திரி ஜூனியை வயலுக்கு அப்பால் இருக்கும் விறகுக் கொட்டகையில் போட்டிருக்கிறார்கள். காலில் ஒன்றுமில்லை. பெயரைச் சொல்லிக்கொண்டே இரு, நின்றால் இன்னொரு நாள் கூடும் என்றிருக்கிறார்கள். காவல் முறை டார்வெலுடையது. கொஞ்ச நேரம் கேட்டுச்சு, கேட்டுச்சு என்றவர் அப்படியே நாற்காலியில் தூங்கிப்போனார். படுக்கையில் கிடந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவள் கூப்பிட்டது கேட்டிருக்கிறது. எழுந்தால் தண்டனை என்று ஒருத்தியும் எழவில்லை. விடிகிற வரைக்கும் கூப்பிட்டிருக்கிறாள்.

"அதுலேருந்து பதில் சொல்லிட்டே இருக்கோம். சொல்லாட்டி அவ கிட்ட வருவா. கேக்கலைன்னு நினைச்சுக்குவா."

நெல்டா எம்ரிக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்தாள். செத்த பிள்ளையின் குரலையே பதிவு செய்து வைத்து உயிரோடிருக்கும் பிள்ளைகளை ஆட்டிவைக்கிறார்களே, இவர்கள் உருப்படுவார்களா? எம்ரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கைகள் ஐஸாக இருந்தன.

"இன்னைக்கே என்கூட வண்டியில வந்துடறே. சத்தியம். இனிமே யாருக்கும் நீ பதில் சொல்ல வேண்டாம்."

ஜூனி, என்றது வெளியே.

எம்ரியின் உதடு துடித்தது. நெல்டா வேண்டாம் என்று தலையசைத்தாள். அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டது. அடுத்த முறையும் மூடிக்கொண்டது. பிறகு அவள் தோள் இறங்கியது. எத்தனையோ மாதமாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி நெல்டாவின் மடியில் முகம் புதைத்து அழுதாள்.

வெந்நீர்க் குழாயின் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளையாகப் பூத்துக்கொண்டு வந்தது உறைபனி. நனைந்த கம்பளியும் பழைய விறகுப் புகையும் கலந்த நெடி ஒன்று கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து, கம்பளத்தில் படிந்து, நெல்டாவின் காலுறைக்குள் ஏறி, எலும்பு வரைக்கும் குளிர்ந்தது.

ஜூனி.

இது வயலில் இல்லை. வாசல் படியில்.

ஒலிபெருக்கி நடக்குமா? நெல்டாவுக்குப் பயமாக இருந்தது. முதல்முறையாக, வெட்கமில்லாமல், பயமாக இருந்தது. எம்ரி மடியிலிருந்து நிமிர்ந்தாள்.

"சொல்லட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்றுதான் நெல்டா நினைத்தாள். சொல் என்றும் நினைத்தாள்.

தாழ்வாரத்தில் ஈரமான சத்தம். சப். சப். நின்றது. சப்.

ஜூனி.

கதவுக்கு வெளியே. கோபமில்லை அந்தக் குரலில். கெஞ்சலும் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்துபோன குரல்.

ஏதோ ஒரு பாழாய்ப்போன வித்தை இது, திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நெல்டா எழுந்தாள். கைப்பிடியைத் தொட்டதும் தோல் அதில் ஒட்டிக்கொண்டது. இழுத்துத் திறந்தாள்.

யாருமில்லை. வெறும் தாழ்வாரம். வாசலிலிருந்து ஈரக் கால்தடங்கள் வந்திருந்தன. செருப்பில்லாத கால். சின்னக் கால். விரல்களெல்லாம் அறையைப் பார்த்து.

கடைசித் தடம் நிலைப்படியில் இல்லை. அதைத் தாண்டி உள்ளே இருந்தது. அவள் பக்கத்தில். அவளுக்குப் பின்னால்.

திரும்பினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. அதன் கீழே ஆரஞ்சுச் செருப்பு இரண்டும் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. ஜன்னல் பூட்டியபடியே இருந்தது.

வயலின் அந்தக் கோடியிலிருந்து, ஜூனி.

கொஞ்சம் பொறுத்து, எம்ரி.

நெல்டாவின் வாயிலிருந்து "கேட்டுச்சு" வந்தது. சொன்னது அவள்தானா என்றுகூடத் தெரியவில்லை. "கேட்டுச்சு. கேட்டுச்சும்மா. கேட்டுச்சு."

டார்வெல் வந்தபோது எம்ரியைத் தேடிக் கொட்டகைக்குப் போன ஆட்கள் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். அங்கே பனிதான் இருந்தது என்றார். காலி நாற்காலியையும் செருப்பையும் பார்த்தார். பள்ளியை மூடினால் நாளைக்கே மின்சாரத்தைத் துண்டித்து ஆட்களைக் கலைத்துவிடுவார்கள், பிறகு பதில் சொல்ல இங்கே ஒருத்தரும் இருக்கமாட்டார்கள் என்பது நெல்டாவுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். உரிமப் படிவத்தை எடுத்தாள். புதுப்பிக்கலாம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். போடும்போதே இரண்டு முறை பதில் சொன்னாள்.

"நீங்க போய்ச் சாப்பிடுங்க மேடம்" என்றார் டார்வெல். "விடியற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

நெல்டா அவரைப் பார்த்தாள். சிவந்த கண்கள். கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார். முன்பு ஒருமுறையும் இப்படித்தான் சொல்லியிருப்பார்.

"வேண்டாம்" என்று நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெளியே அவளுடைய வண்டியின் மேல் பனி ஏறிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் நீலமும் போய்விட்ட இருட்டில், வெறுங்காலோடு இரண்டு பேர் இந்த ஜன்னலையே பார்த்து நின்றார்கள். எம்ரிக்குப் பக்கத்தில் நின்ற சின்னவளின் வாய் திறந்தது.

வறண்ட தொண்டையில் நெல்டாவுக்குப் பதில் வரச் சற்றுத் தாமதமானது. இருவரும் ஓர் அடி எடுத்து வைத்தார்கள்.