பளபளக்காத கேக்

முட்டை பட்டால் என் உதடு வீங்கிவிடும். பிறகு முகம் வீங்கும். அப்புறம் மூச்சு இழுக்கும். முழு முட்டை வேண்டாம், ஒரு சொட்டு போதும்.

1988இல் எனக்கு வயது பத்து. அந்த நாளில் சேலையூரில் இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். "முட்டை சாப்பிட்டாதான் உடம்பு தேறும், செல்வமேரி! சும்மா அடம் பிடிக்காதே" என்பார்கள்.

நல்லவேளையாக, எனக்காகப் பேச அம்மா இருந்தாள். ஓட்டலுக்குப் போனாலும் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் அவள்தான் கேட்பாள்: "இதுல முட்டை இருக்கா?" ஒருமுறை கேட்டு விடமாட்டாள். பரிமாறுகிறவரிடம் கேட்பாள். பிறகு சமையலறைக்குள் எட்டிப் பார்த்து இன்னொரு முறை கேட்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள்.

அதன் பிறகு கேட்க ஆளில்லை. எனக்கோ வாய் வராது. அதனால் வெளியே எதையும் சாப்பிடாமல் இருந்துவிடுவேன். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் எல்லாரும் கேக் சாப்பிடுவார்கள். நான் குழாயடிக்குப் போய், தாகமே இல்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பேன்.

கிறிஸ்துமஸ் வந்தது.

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கேக் சுடும் அடுப்பு கிடையாது. மாவைக் கலந்து தட்டில் ஊற்றி, கேம்ப் ரோட்டில் இருந்த பேக்கரிக்கு எடுத்துப்போவோம். ரொட்டி சுட்டு முடிந்ததும் ஜெயவேலு மாஸ்டர் அந்தச் சூட்டிலேயே எல்லார் வீட்டுக் கேக்கையும் சுட்டுத் தருவார்.

அம்மா முட்டைக்குப் பதிலாகத் தயிரும் சமையல் சோடாவும் சேர்ப்பாள். ஆண்டு முழுவதிலும் நான் சாப்பிடுகிற ஒரே கேக் அதுதான். இந்த முறை அதை நானே செய்வது என்று முடிவு செய்தேன்.

அப்பா தாம்பரம் ரயில் ஷெட்டுக்கு வேலைக்குக் கிளம்பியதும் மாவைக் கலந்தேன். கொஞ்சம் என் தலையில் கொட்டியது. கொஞ்சம் பூனையின் மேல் கொட்டியது. மிச்சத்தைத் தட்டில் ஊற்றிக்கொண்டு பேக்கரிக்குப் போனேன்.

"இன்னா கண்ணு, நீயே கலக்கினியா?" என்றார் மாஸ்டர்.

"ஆமா மாஸ்டர்."

"பலே! வெச்சிட்டுப் போ. நாலு மணிக்கு வா."

நாலு மணிக்குப் போனேன். கேக் நன்றாக உப்பியிருந்தது. ஆனால் மேலே கண்ணாடி மாதிரி பளபளத்தது.

அந்தப் பளபளப்பு எனக்குத் தெரியும். முந்தின ஆண்டு, அம்மா உடன் வராத ஒரு பிறந்தநாளில், உருளைக்கிழங்கு பஃப்ஸ் சாப்பிட்டேன். உள்ளே முட்டை இல்லை. மேலே தடவியிருந்தார்கள். அன்று என்னை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

"எப்டி கீது பாரு!" என்று சிரித்தார் மாஸ்டர். "உன்னுது மட்டும் வெளுத்துக் கெடந்துச்சு. அம்மா இல்லாத புள்ளையாச்சேன்னு நானே ஒரு முட்டைய ஒடச்சித் தடவி வுட்டேன்."

அம்மா ஒவ்வொரு ஆண்டும், கேக் வேகும்வரை அடுப்புப் பக்கத்தில் வியர்த்து வழிய நின்றது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

"தேங்க்ஸ் மாஸ்டர்" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் காமு காத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண், என் வகுப்புதான். அவர்கள் வீட்டில் முட்டை சேர்க்க மாட்டார்கள். அவளும் எங்கள் வீட்டுக் கேக்கைத் தவிர வேறு கேக் சாப்பிட்டதில்லை.

"வந்துடுச்சா? காலைலேர்ந்து வயித்துல இடம் விட்டு வெச்சிருக்கேன்!"

தட்டை நீட்டினால் சாப்பிட்டுவிடுவாள். அவளுக்கு உதடு வீங்காது. தெரியவே போவதில்லை.

"இதுல முட்டை தடவிட்டாங்க, காமு" என்றேன்.

காமு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "மேல மட்டும் சீவி எடுத்துட்டா?"

"ஓரமா வழிஞ்சு உள்ளயும் போயிருக்கும்."

"மாஸ்டர்கிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? ஆசையா தடவியிருக்கார். பாவம்டி."

"அவர் பாவம்னா, நாம?"

கேக் இல்லாதவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போய் டப்பாவைத் திறந்து பார்த்தோம். இன்னொரு சின்னக் கேக்குக்கு மைதா இருந்தது. தயிர் இல்லை. காமு வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு சொம்பு நிறையத் தயிரோடு வந்தாள். பளபளத்த கேக்கை மறுநாள் அப்பா ஷெட்டுக்குக் கொண்டுபோனார். பத்து நிமிடத்தில் காலியாம்.

அன்று காலை காமுவுக்குப் பாட்டு வகுப்பு. நான் தனியாகத்தான் பேக்கரிக்குப் போனேன்.

"இன்னா, மறுபடியுமா?" என்றார் மாஸ்டர்.

வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

"இன்னாம்மா, மீனு மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுறே?"

"மாஸ்டர், நேத்து கேக் ரொம்ப அழகா இருந்துச்சு" என்று ஆரம்பித்தேன். "ஆனா, முட்டை பட்டா எனக்கு மூச்சு இழுக்கும். அதனால நான் சாப்பிடலை. இதுல தடவாதீங்க."

மாஸ்டர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"ஐயய்யோ! அதுக்குத்தான் உங்கம்மா இங்கயே நின்னுகினு இருந்தாங்களா? நான்கூட, மாவை எடுத்துக்குவேன்னு என்மேல சந்தேகம்னு நெனச்சிகினு இருந்தேன்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகையும் வந்தது. மாஸ்டர் அடுப்புக்குள் எதையோ தேடுவது போலத் திரும்பிக்கொண்டார்.

"இன்னைக்கு நான் நிக்கட்டுமா மாஸ்டர்?"

"நில்லு, நில்லு. உன் தட்ட மட்டும் தனியா மூலைல வெக்கிறேன்."

நின்றேன். அடுப்பிலிருந்து வந்த அனல் முகத்தைச் சுட்டது. பாதி வெந்ததும் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"வெளுத்துக் கீதே கண்ணு. பாலாவது தடவட்டுமா?"

"பால்னா சரி மாஸ்டர்."

அவர் பிரஷ்ஷை எடுத்தார்.

"அந்த பிரஷ் வேணாம்! அதுல முட்டை இருக்கு!"

நான் போட்ட சத்தத்தில் ரொட்டி வாங்க வந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். மாஸ்டர் பிரஷ்ஷைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்டியே உங்கம்மா!" என்று பிரஷ்ஷை ஆணியில் மாட்டினார். "ஒண்ணும் தடவல. வெளுத்தே கெடக்கட்டும் போ!"

கேக் வெளுத்துத்தான் வெளியே வந்தது. நடுவில் ஒரு வெடிப்பு வேறு. செய்தித்தாளால் மூடிக்கொண்டு கேம்ப் ரோட்டோரமாக நடந்தேன். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

வீடுவரை பொறுக்க முடியவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் நின்று காகிதத்தை விலக்கினேன். காமுவுக்கும் அப்பாவுக்கும் எவ்வளவு என்று விரலால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, என் பக்கத்து மூலையில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன்.

நாக்கு சுட்டது. வேறொன்றும் ஆகவில்லை.