கறுப்புப் படையின் முறை

இருபத்திரண்டு சுற்று முடிந்தும் கறுப்புப் படை யாரையும் அடிக்கவில்லை.

அதற்குச் சந்தோஷப்பட வேண்டியவள் அவள்தான். ஆளுக்கொரு முறை மாற்றி மாற்றி ஆடும் அந்தப் போர் விளையாட்டில், கணினி நடத்தும் படைகள் எவ்வளவு மூர்க்கமாக நடந்துகொள்ள வேண்டும் என்று அளவு வைப்பதுதான் அவள் வேலை. சிவப்புக்கு மூன்று, மஞ்சளுக்கு ஐந்து. பத்து வைத்தால் கண்மண் தெரியாமல் பாயும். ஆடிப் பார்த்தவர்கள் எல்லோரும் கறுப்பு எடுத்த எடுப்பிலேயே வந்து கழுத்தைப் பிடிக்கிறது என்று புலம்பியதால், அன்று காலை அதற்குப் பூஜ்யம் போட்டிருந்தாள். பூஜ்யம் போட்ட படை கோட்டையை விட்டே நகரக் கூடாது.

கறுப்பு நகர்ந்தது. எட்டுச் சிப்பாய்களும். அடிக்காமல், அவசரப்படாமல், சுற்றுக்கு ஒரு கட்டம்.

வரைபடம் அவளே போட்டது. புது வரைபடத்துக்கு நேரமில்லாதபோது அவர்கள் அலுவலகத்தில் எல்லோரும் செய்வதுதான் அது: மனதில் பாடமான ஓர் இடத்தை அப்படியே வரைந்துவிடுவார்கள். ஒருவர் மாமியார் வீட்டை வரைந்து அதைச் சுற்றிப் பீரங்கி வைத்திருந்தார். இவள் தன் வீட்டையே வரைந்தாள். தரையில் ஓர் ஓட்டுக்கு ஒரு கட்டம். கூடம், சமையலறை, நீண்ட நடைவழி, அதன் கோடியில் சின்ன அறை. சின்ன அறையில் கோட்டை இல்லை, தங்கம் இல்லை, ஒரு சிப்பாய்கூட இல்லை. கறுப்பு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

நிஜ வீட்டில், நிஜச் சின்ன அறையில், அவளுடைய ஏழு வயது மகள் காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் இன்று வீட்டிலிருந்தே வேலை. கணவன் வர ஏழாகும். மணி நான்குதான் ஆகிறது. ஆனால் காலையிலிருந்து விடாமல் பெய்த மழையில் பகல் சாம்பல் பூத்துப்போய், நடைவழி விளக்கைப் போட வேண்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும் ஓசையும் குளிர்பதனப் பெட்டியின் முனகலும் மாத்திரையின் கசப்பு வாடையும் சேர்ந்து, வீடு முழுவதும் ஒரு நோயாளியைப் போல மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

‘என் முறை முடிந்தது’ என்ற பொத்தானை அழுத்தினாள்.

பின்னால், நடைவழியில், ஈரத் துணியைத் தரையில் வைத்து எடுப்பது போல ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. மழைச் சாரலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே சத்தம். கையில் வெகுநேரம் இறுக்கிப் பிடித்த இரும்புச் சாவியில் வருமே, அப்படி ஒரு வாடை. அழுத்தாமல் முழுதாக ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். மழை மட்டும்.

நிரல் எழுதும் பையனுக்குப் போன் போட்டாள். அலுவலகத்தில் அவன் பெயர் மீசை. எவ்வளவு முயன்றும் முளைக்காததால் வந்த பெயர்.

“என்னக்கா, கறுப்பு மறுபடி உங்களைத் துவைச்சுக் காயப்போட்டுடுச்சா?”

“அடிக்கவே மாட்டேங்குதுடா. பூஜ்யம் போட்டேன்.”

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. “பூஜ்யமா? போச்சு போங்க. பூஜ்யம்னா மூர்க்கமே இல்லைன்னு நெனச்சீங்களா? அங்க பூஜ்யம் இருந்தா, யாருமே அளவு வைக்கலைன்னு எடுத்துக்கும். அதுக்குக் கட்டே கிடையாதுக்கா.”

“கட்டு இல்லைன்னா பாயணும்ல? இது ஏன் பூனை மாதிரி போகுது?”

“பத்து போட்டது கோபக்காரன் மாதிரி. கத்திக்கிட்டே வருவான், தடுத்துடலாம். இதுக்குக் கோபமே கிடையாது. நீங்க எந்தக் கட்டத்தை அடிக்கடி போய்ப் பாக்கறீங்கன்னு கவனிக்கும். எதை விட்டுக்கொடுக்க மாட்டீங்களோ, அதைச் சுத்தி வளைக்கும். நானே ஒரு தடவை ஆடிட்டு, வேணாம்டா சாமின்னு மூடிட்டேன்.” சிரித்தான். “மாத்திடுங்கக்கா. திங்கக்கிழமை வெளியாகப் போறது, மானத்தை வாங்கிடாதீங்க.”

போனை வைத்தாள். காலையிலிருந்து, காய்ச்சல் விட்டிருக்குமா, முழித்திருப்பாளா என்று நினைக்கும்போதெல்லாம் அவள் கை தானாகத் திரையில் சின்ன அறையின் மேல் போய் நின்றது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

எத்தனை தடவை? நூறு இருக்கும்.

விளையாட்டை மூடப் போனாள். ‘நடப்பு முறையை முடித்துவிட்டு வெளியேறவா?’ என்று கேட்டது. வேறு பொத்தான் இல்லை. திரையைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். கறுப்பின் முதல் சிப்பாய்க்கும் சின்ன அறை வாசலுக்கும் நடுவே மூன்று கட்டம். மடிக்கணினியின் மின்கம்பியைப் பிடுங்கி, பின்பக்கம் பேட்டரியையும் கழற்றிப் போட்டாள். திரை இருண்டது.

அப்பாடா.

எழுந்து மகளிடம் போக ஓர் அடி வைத்தாள்.

நடைவழியில் சத்தம்.

நின்றாள். சத்தமும் நின்றது.

இல்லை. மழைதான். இன்னோர் அடி.

சத்தம்.

விளக்கு வெளிச்சம் நடைவழியின் வெள்ளை ஓடுகளில் பளபளத்துக்கொண்டிருந்தது. எட்டு ஓடுகளில் மட்டும் பளபளப்பு இல்லை. கறை இல்லை, நிழலும் இல்லை. வெளிச்சம் அந்த எட்டுச் சதுரத்துக்குள் போனது, திரும்பி வரவில்லை. முன்னால் இருந்த சதுரத்துக்கும் சின்ன அறை வாசலுக்கும் நடுவே ஒரே ஓர் ஓடு.

அவளுக்கும் வாசலுக்கும் நடுவே பன்னிரண்டு.

அவள் நகர்ந்தால் அவை நகரும். அவள் நின்றால் நிற்கும். ஏழு மணிக்குக் கணவன் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, தன் பாட்டுக்கு உள்ளே நடந்து வருவான். அதற்குள் ஏதாவது யோசிக்க வேண்டும். யோசிக்க முடியவில்லை. முழங்கால் வலித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை. கை அசைந்தால் அதுவும் ஒரு முறையாகுமோ?

“அம்மா.”

கட்டில் முனகியது.

“சுண்டெலி, எழுந்திரிக்காத! படுத்துக்கோ.” குரல் அவளுடையதாகவே இல்லை.

“தண்ணி வேணும்மா. தொண்டையெல்லாம் காயுது.”

“அம்மா கொண்டு வரேன். இறங்காத, கண்ணு.”

“எப்பவும் இப்படித்தான் சொல்லுவ. அப்புறம் வரவே மாட்ட.”

இறங்கிவிட்டாள். சின்னப் பாதங்கள் தரையில் பட்டன. டப். பின்னாலேயே ஈரச் சத்தம். டப். ஈரச் சத்தம். மகளும் இவள் பக்கத்து ஆள்தான். மகளின் அடியும் இவள் முறைதான்.

போர்வையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கறுப்புச் சதுரங்கள் வழிவிட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கின, பெரிய மனிதர்களைப் போல. அரைத் தூக்கத்தில் குழந்தை ஒன்றையும் பார்க்கவில்லை. நடைவழியில் இரண்டு அடி வைத்தாள். இரண்டு சத்தம்.

அவளுக்குப் பின்னால் வரிசை மூடிக்கொண்டது.

“நில்லு!” என்று அம்மா கத்தினாள். “அசையாத! அப்படியே நில்லு!”

குழந்தை திடுக்கிட்டாள். பிறகு காய்ச்சல் முகம் மெல்ல மலர்ந்தது. இவ்வளவு நேரம் வேலை வேலை என்றிருந்த அம்மா கடைசியில் விளையாட வந்துவிட்டாள்.

“ஸ்டாச்சுவாம்மா?”

கைகளை இரண்டு பக்கமும் விரித்தாள். ஒரு காலைத் தூக்கிக்கொண்டாள். கன்னத்தை உப்பி, சிரிப்பை அடக்கி, சிலையாக நின்றாள்.

அவளைச் சுற்றி எட்டுக் கறுப்பு ஓடுகள். நடுவில் ஒரே ஒரு வெள்ளை ஓடு. அதன் மேல் ஒற்றைக் கால்.

“பாரும்மா, நான் அசையவே இல்ல.”

அம்மாவும் அசையவில்லை.

ஊன்றிய கால் நடுங்கத் தொடங்கியது. தூக்கியிருந்த கால், இடம் தேடி, மெல்லக் கீழே இறங்கியது.