கல் இல்லாத பத்தடி

வேலைக்குக் கிளம்புமுன் ஆரபி செருப்பின் அடியைத் துடைத்தாள். இத்தாலியின் பலெர்மோவில் எல்லோருக்கும் அது பல் தேய்ப்பது மாதிரி. அடியில் மண் இல்லை என்று வாசற்கருவி பச்சை விளக்குக் காட்டினால்தான் கதவே திறக்கும்.

மண்ணுறக்கச் சட்டம் வந்து ஏழு வருடம் ஆகிறது. அதற்குமுன் விளைச்சல் தொடர்ந்து பொய்த்து, ஊரெல்லாம் ரொட்டிக்கு அடித்துக்கொண்டார்கள். நூறு வருடம் மண்ணில் மனிதக் கால் படக்கூடாது என்று முடிவானது. சும்மா சொல்லக்கூடாது, மண் பிழைத்துக்கொண்டது. வான்கலங்களில் மருந்துக்கும் தானியத்துக்கும்தான் இடம். அதனால் சட்டம் வந்த அன்று எங்கே இருந்தார்களோ, அங்கேயே மனிதர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆரபி பலெர்மோவில் வேலையில் இருந்தாள். கணவன் பிரணவனும் நாலு வயது மயூரியும் ஒரு கல்யாணத்துக்காக மலைநகருக்குப் போயிருந்தார்கள்.

ஏற்கெனவே கல் பாவிய இடத்தில் நடக்கத் தடையில்லை. ஆனால் புதிதாக ஒரு கல்லும் வைக்கக்கூடாது. தார்ச்சாலைகளையோ முதல் வருடமே பெயர்த்து மண்ணாக்கிவிட்டார்கள். மிஞ்சியது, ரோமர்கள் மலைநகர் வரை போட்டு, பிறகு புல் மூடிப்போன சாலை ஒன்றுதான். ஆரபி அதைத் தேடும் வேலையில் சேர்ந்தது சரித்திர ஆசையால் அல்ல. மகளைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.

கண்டெடுத்த சாலையின் நுனியில் கூட வேலைசெய்யும் கஜானன் ட்ரோனோடு காத்திருந்தான்.

"அக்கா, இண்டைக்கு வெயில் நல்லா எரிக்குது. கல்லுக்கு மேல நிக்கிற புல்லுதான் முதல்ல காயும், பாருங்கோ."

திரையில் பச்சை வயலுக்குள் வெளிர்மஞ்சள் கோடு ஒன்று ஓடியது. நிலநோக்கி கல்தான் என்று உறுதிசெய்ய, காற்றூதிகள் மேல்மண்ணை விலக்கிக்கொண்டே போயின. ஆரபி கல் கல்லாக நடந்தாள். மேட்டில் ஏறியதும் எதிரே, மலைநகர்க்காரர்கள் தங்கள் பக்கமிருந்து திறந்துகொண்டு வந்த சாலை தெரிந்தது. அதில் இரண்டு பேர் நின்றார்கள். ஆரபி ஓடினாள்.

"அக்கா, நில்லுங்கோ!" என்று கஜானன் பின்னாலிருந்து கத்தினான். "முன்னுக்குக் கல்லில்லை!"

நடுவே பத்தடிக்குப் பசும்புல். எந்தக் காலத்து ஆட்டுக்காரனோ கற்களைப் பிடுங்கிப் பக்கத்திலேயே பட்டி கட்டியிருந்தான். இடிந்த சுவரில் கற்கள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன. அந்தப் புண்ணியவானை ஆரபி வாய்விட்டுத் திட்டினாள். ஒன்றை எடுத்து வைத்தாலும், பலகை போட்டாலும் அது புதுச்சாலை. மண்ணில் கால் பட்டால் சுவடுணரி காட்டிக்கொடுத்துவிடும், சாலையே எல்லோருக்கும் மூடப்படும். அவளைப் போல எத்தனையோ பேர் இதை நம்பிக் காத்திருக்கிறார்கள்.

ஆனாலும் மயூரி எதிரே நின்றாள். தொலைபேசித் திரையில் பார்த்ததைவிட உயரம். காற்று அந்தப் பக்கமிருந்து வீச, மகளின் தலையெண்ணெய் வாசம் வந்தது. ஏழு வருடமும் எந்தத் திரையும் தராத வாசம்.

"ஆரபி, கொஞ்சம் பொறும்" என்றான் பிரணவன்.

அவள் பொறுக்கவில்லை. சட்டமாவது சாலையாவது! வலது காலைத் தூக்கினாள்.

"அம்மா, வேண்டாம்! கால வைக்காதேங்கோ!" மயூரி பதறிக் கையை நீட்டினாள். "புல்லு பாவம்!"

ஆரபி மகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் சட்டத்தின் பயம் துளியும் இல்லை. குழந்தையை மிதிக்கப் போகிறவளைப் பார்க்கும் முகம் அது. மண்ணில் ஓடி விளையாடியது அவளுக்கு நினைவிருக்க நியாயமில்லை. அம்மாவின் மடியும் அப்படித்தான்.

ஆரபி தூக்கிய காலை மெல்லப் பின்னால் எடுத்துக் கல்லில் வைத்தாள்.

மயூரிக்கு மூச்சு வந்தது. சிரித்துக்கொண்டே கடைசிக் கல்லில் சம்மணமிட்டாள்.

"இப்பிடியே இருந்து கதைப்பம், அம்மா. இது எவ்வளவு கிட்ட!"

"ஓம் செல்லம். நல்ல கிட்டத்தான்" என்று ஆரபியும் உட்கார்ந்தாள்.