செண்பகநல்லூர்ச் சின்னம்

காலை ஒன்பது மணிக்கு நகராட்சித் தலைவி கல்யாணசுந்தரி மன்றக் கூடத்தைத் திறந்தபோது மேடைச் சுவரில் ஊர்ச் சின்னம் இல்லை. ஆணித் துளைகளும், கீழே தரையில் நீலப் பெயின்ட் செதில்களும்தான் இருந்தன.

தென்காசியிலிருந்து சாரலில் நனைந்து வந்த இன்ஸ்பெக்டர் ஜெயசித்ரா முதலில் அந்தச் செதில்களைத்தான் பார்த்தாள். திருட வந்தவன் அங்கேயே நின்று பெயின்டை ஏன் சுரண்டவேண்டும்?

செண்பகநல்லூர், குற்றாலத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். சின்னம் ஒரு பழைய பித்தளைத் தகடு. நீல அலைகளுக்கு மேல் ஒரு வளைவு. பெயின்ட் மேல் பெயின்டாக அடித்ததில் மற்றதெல்லாம் மறைந்துவிட்டது. பெரிய குளம் தன் பூட்டன் சிவனணைந்தபெருமாளின் சொத்து, அவருடைய வில்லைத்தான் சின்னத்தில் வைத்தார்கள் என்று ரைஸ்மில் முதலாளி தளவாய் வழக்குப் போட்டிருந்தார். அது அருவியில் விழும் வானவில், குளம் ஊருக்குப் பொது என்பது விவசாயிகளின் வக்கீல் மசூதின் வாதம். நாளை கோர்ட் கமிஷனர் தகட்டைப் பார்க்க வருகிறார். குளம் கைமாறினால் கீழ்வயல்களுக்குத் தண்ணீர் கிடையாது.

போட்டோ எடுக்கவென்று தளவாயும் மசூதும் நேற்றுத் தனித்தனியே கூடத்துச் சாவியை வாங்கிப் போயிருந்தார்கள். தலைவியோடு சேர்த்து மூவரையும் ஜெயசித்ரா ஒருவர் பின் ஒருவராக அழைத்து, சின்னத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். அலையும் வளைவும் என்பதோடு தலைவி நிறுத்திக்கொண்டார். மசூது வானவில் என்று அடித்துச் சொன்னார்.

தளவாய் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

"அது எங்க பூட்டன் பிடிச்ச வில்லு, மேடம். மதகு கிதகுன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க."

ஜெயசித்ராவின் பேனா நின்றது.

"மதகுன்னு யாரு சொன்னா, அண்ணாச்சி?"

தளவாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஊரே வில்லா வானவில்லான்னுதான் அடிச்சுக்கிடுது. பெயின்டுக்கு அடியில மதகு இருக்குன்னு, சுரண்டிப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும்."

மில்லில் நெல் அவிக்கும் உலை பகலெல்லாம் எரியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவரையும் ஏற்றிக்கொண்டு ஜீப் பறந்தது.

உலையை ஒட்டிய உமிக்குவியலுக்குள் தகடு முழுதாகக் கிடந்தது. பெயின்ட் போன இடத்தில், வளைவுக்கு அடியில், மூன்று மதகுக் கண்கள். விளிம்பில் எழுத்து: 'சிவனணைந்தபெருமாள் கட்டி ஊருக்குக் கொடுத்த மதகு.'

வழக்குக்கு வலுச்சேர்க்க வில்லின் நாணைத் தேடிச் சுரண்டியதாகவும், மதகும் எழுத்தும் தெரிந்ததும் பதறிப்போய்க் கழற்றி வந்ததாகவும் தளவாய் ஒப்புக்கொண்டார்.

"இவ்வளவு நேரம் உலையில போடாம ஏன் வச்சிருந்தீங்க?"

"ரெண்டு தடவை தூக்கிட்டுப் போனேன், மேடம். பூட்டன் பேரு போட்டிருக்கே. கை வரல."

பிறகு யாரும் சொல்லாமலே போய் ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.