பின் டேங்க் தட்டும் சத்தம்

பின் டேங்கின் முள் கால் பங்கு காட்டியது. இந்தக் குளிர்காலம் முழுக்க அந்த டேங்கில் அவர்கள் ஒரு சொட்டு பெட்ரோல் ஊற்றியதில்லை. நீவா அதைக் கணவனிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் இன்ஜின் இருமிவிட்டு நின்றுபோனது.

"போச்சு. முன் டேங்க் காலி," என்றான் வெர்லின்.

"காலையிலதான நிரப்புன?"

"ரெண்டு டேங்கையும் மாத்திவிடுற வால்வு மக்கர் பண்ணியிருக்கும். முன்னாடி உறிஞ்சுறதை எல்லாம் பின்னாடி கொண்டுபோய்க் கொட்டியிருக்கு. பழைய பிக்கப் வண்டின்னா இது இருக்கறதுதான். பெட்ரோல் எங்கயும் ஓடிப்போகல, நம்ம முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கு."

நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் ஜனவரி மதியம் இரண்டு மணிக்கே வெளுத்துச் செத்துக் கிடக்கும். காற்று பனித்தூளை அள்ளிச் சாலையின் குறுக்கே ஓடவிட்டபடி, வேலிக்கம்பிகளில் விடாமல் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அந்த ஊளையையும் மீறி நீவாவின் காதில் விழுந்தது மடியில் கிடந்த நாலு வயது டெல்லாவின் மூச்சு. மெல்லிய விசில், இடைவெளி, மறுபடி விசில். ஆஸ்பத்திரி இன்னும் முப்பது மைல். இந்தச் சாலையில் வேறு வண்டி வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

வெர்லின் சுவிட்சைப் பின் டேங்குக்குத் தள்ளிச் சாவியைத் திருப்பினான். பின்னாலிருந்து பம்பின் முனகலே வரவில்லை.

"பம்ப் தூங்குது. அடியில படுத்து சுத்தியலால தட்டினா எந்திரிச்சுடும். நீ இப்படி வந்து உக்காரு. ரெண்டு தட்டுன்னா?"

"சாவியைத் திருப்பணும். ஒரு தட்டுன்னா அணைக்கணும். எனக்கென்ன புதுசா?"

இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் எல்லோருக்கும் தெரிந்த பாஷை அது. காற்றில் கத்தினால் எவனுக்குக் கேட்கும்?

அவன் முதலில் வண்டியின் முன்பக்கம் போய் பானட்டைத் திறந்து குனிந்தான். நீவா காத்திருந்தாள்.

டக். டக்.

சாவியைத் திருப்பினாள்.

"ஏய்! ஏன்டி திருப்புற?" முன்னாலிருந்து அலறினான் வெர்லின். "கை போயிருக்கும்!"

"நீதான பின்னாடி தட்டின?"

"நான் இங்க நிக்கிறேன். என் கை என்ன ரப்பரா, அவ்வளவு தூரம் நீள?" சிரித்துக்கொண்டே கதவருகே வந்தான். "குளிர்ல தகரம் சுருங்கும், சத்தம் வரும். பயந்தாங்கொள்ளி. அந்தச் சுத்தியலை எடு."

சீட்டுக்குப் பின்னாலிருந்த சுத்தியல் பக்கத்துப் பண்ணை ஆரினுடையது. வண்டியும் அவனுடையதுதான். போன குளிர்காலம் அவனுடைய மேய்ச்சல் நிலத்தின் நடுவே இது தனியாக நின்றது. கதவு திறந்து கிடந்தது, சுத்தியல் பனியில் கிடந்தது, பின் டேங்க் விளிம்புவரை நிறைந்திருந்தது. ஆரின் மட்டும் கிடைக்கவே இல்லை. வண்டி என்ன பாவம் பண்ணியது என்று சொல்லி, அவன் அக்காவிடமிருந்து வெர்லின்தான் இதை ஓட்டிக்கொண்டு வந்தான்.

"அடியில போகாத வெர்லின். எனக்கு என்னவோ பண்ணுது."

அவன் டெல்லாவின் உதட்டைப் பார்த்தான். நீலம் பூத்திருந்தது. சுத்தியலை வாங்கிக்கொண்டு போனான்.

பக்கக் கண்ணாடியில் அவன் பூட்ஸ் இரண்டும் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

டக். டக்.

திருப்பினாள். பிடிக்கவில்லை.

டக். டக்.

திருப்பினாள். பூட்ஸ் அசைந்தது. குதிகால்கள் பனியில் கோடு கிழித்தபடி மெல்ல உள்ளே போயின. ஒரு சாண். இன்னொரு சாண். பிறகு பூட்ஸே இல்லை.

முள் ஏறியது. அரை. முக்கால். முழுசு.

"வெர்லின்!"

குழந்தையைச் சீட்டில் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். மண்டியிட்டுப் பார்த்தாள். தொப்பி. சுத்தியல். அந்தப் பக்கத்துப் பனியில் ஒரு காலடித் தடமும் இல்லை. மேலே டேங்க், ஓர் ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாத அளவில். தகரத்தில் கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளேயிருந்து தட்டியது.

டக். டக்.

நீவா அலறினாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. அலறல் ஓய்ந்தபோது வண்டிக்குள் விசில் கேட்கவில்லை. பதறிப்போய் ஏறினாள். டெல்லாவின் நெஞ்சு துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது.

நீவா சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. இந்த வண்டி இவ்வளவு அமைதியாக ஓடி அவள் பார்த்ததே இல்லை. ஹீட்டரிலிருந்து சூடான காற்று வந்தது, வெர்லின் மெல்லும் புகையிலையின் வாசனையோடு. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடியே ஓட்டினாள்.

முள் இறங்கியது. முக்கால். முதுகுக்குப் பின்னால் டக், டக். அரை. தட்டல் தளர்ந்தது. கால். காது கொடுத்தால்தான் கேட்டது. ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் தண்ணீர்த்தொட்டி தூரத்தில் தெரிந்தது.

டக்.

ஒன்று மட்டும்.

நீவாவின் கை சாவிக்குப் போனது.

டக்.

டெல்லா கண்ணைத் திறந்தாள். "அம்மா... அப்பா அணைக்கச் சொல்றாரும்மா."

நீவா சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள்.