மிதக்க மறந்த எலி

ஏழாம் எண் எலி மிதக்கவில்லை. அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது.

கண்ணாடி உருளையில் பாதித் தண்ணீர் ஊற்றி எலியை உள்ளே விட்டால் கொஞ்சம் தத்தளித்துப் பார்க்கும், பிறகு முயற்சியைக் கைவிட்டுச் சும்மா மிதக்கும். ஆறு நிமிடத்தில் எத்தனை நொடி மிதந்தது என்று குறிப்பதுதான் அந்த ஆய்வுக்கூட உதவியாளர் பெண்ணின் வேலை. சோதனைக்கு வந்த வேர்ச்சாற்றைக் குடித்த எலி குறைவாக மிதந்தால், மனச்சோர்வுக்கு மருந்து கிடைத்தாலும் கிடைக்கலாம். சாறு குடித்த ஏழாம் எண்ணோ ஒரு நொடிகூட ஓயவில்லை. துடைத்துக் கூண்டில் விட்ட பிறகும், ஈர மண்ணும் துருவும் கலந்த வாடையோடு, நாலு காலும் வைக்கோலைத் துழாவிக்கொண்டே இருந்தன.

"என்ன பாப்பா, பந்தயத்துக்கு அனுப்பப்போறியா?" என்று சிரித்தார் கூண்டு கழுவும் பெரியவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் அவள் தங்கை எட்டு மாதமாகச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். ஆசை யாரை விட்டது? அன்று மாலை சாற்றுக் குப்பி கைப்பைக்குள் வீட்டுக்கு வந்தது.

அதைக் குடித்த மறுநாளே தங்கை எழுந்தாள். தலை வாரினாள். "பசிக்குதுக்கா" என்றாள். அக்கா அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் நாள் காலையிலும் தங்கை கூடத்தில் நடந்துகொண்டே இருந்தாள். பாதமெல்லாம் கொப்புளம்.

"கால் நிக்க மாட்டேங்குதுக்கா."

"எட்டு மாசம் படுத்ததுக்கெல்லாம் சேத்து நடக்கிறியாக்கும்!"

"இல்லக்கா... தண்ணிக்குள்ள இருந்தா தேவலாம்போல இருக்கு."

"சரி, குளி. வேலைக்குப் போயிட்டு வந்திடறேன்."

ஆய்வுக்கூடத்தில் பெரியவர் இன்று சிரிக்கவில்லை. மூடிய தகர டப்பாவைக் காட்டினார்.

"உன் ஏழாம் நம்பர். நேத்தே செத்துப்போச்சு பாப்பா."

"அப்புறம் ஏன் வச்சிருக்கீங்க?"

டப்பாவுக்குள் சரக் சரக்கென்று சத்தம். மூடியைத் திறந்தார். விறைத்த உடம்பு. வெளுத்த கண். நாலு கால் மட்டும், துடுப்புப் போட்டபடி.

ஓடினாள்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஈர மண் வாடை. துரு வாடை. குளியலறையில் தண்ணீர் அலம்பும் சத்தம். சீராக.

"அடியே..."

சத்தம் மட்டும்.

தொட்டி நிறையத் தண்ணீர். தங்கை முகம் கவிழ்ந்து கிடந்தாள். கூந்தல் விரிந்திருந்தது. கழுத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. நாடி இல்லை.

கைகள் தண்ணீரைத் தள்ளின. கால்கள் உதைத்தன. தலை தொட்டி விளிம்பில் முட்டியது. உடம்பு திரும்பியது. மறுபடி நீந்தியது.